படகு போன பிறகு

அக்டோபர் பதினொன்று, காலை.
துறையில் படகைக் காணோம்.
ஏரி மட்டும் இருந்தது,
தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல.

"கடைசியாகக் கட்டியது நீ" என்றான் ஔலிஸ்.
"நான் கட்டினேன். நீ அவிழ்த்து மறுபடி கட்டினாய்."
பல்கூடத் தேய்க்காமல்
முப்பத்தொரு வருடக் கல்யாணத்தை
அந்தப் பலகைமேல் நின்றபடி
ஒருமுறை முழுக்கப் புரட்டிப் பார்த்தோம்.

தொலைநோக்கியில் தெரிந்தது:
அக்கரை நாணலுக்குள் மூக்கை நுழைத்த பச்சைப் படகு.
அதற்குள் ரம்பம், மண்ணெண்ணெய்,
குஹ்மோ கடையிலிருந்து ஏற்றிவந்து
"நாளைக்கு இறக்கலாம்" என்று விட்டுவைத்த
நாலு பாக்கெட் காப்பித்தூள்.

காரும் அக்கரையில்தான்.
சுற்றிப்போக வழி உண்டு, பதினாலு கிலோமீட்டர்,
பாதி சதுப்பு.
அவனுடைய இடது முழங்கால்
அந்த வழியைப் பற்றிப் போன வருடமே
தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டது.

சவுனாக் கூரையில் ஏறினால் போன் பேசும்.
ஏறினான். பேசியது.
டோர்ஸ்டி எடுத்து "ஹலோ" சொன்னதுதான் மிச்சம்,
கை நழுவி, ஓட்டில் சறுக்கி,
மழைநீர்ப் பீப்பாய்க்குள் ஒரு சின்னச் சத்தம்.
டோர்ஸ்டி பிறகு என்ன சொன்னான் என்று
பீப்பாயைத்தான் கேட்க வேண்டும்.
கூப்பிடாதவர்கள் நலமாக இருக்கிறார்கள்
என்று நம்பும் ரகம் அவன்.

உருளைக்கிழங்கு இருந்தது. உப்பிட்ட முய்க்கு மீன் இருந்தது.
மூன்றாம் நாள் பார்லியைக் கருக வறுத்து
இடித்துக் கொதிக்கவைத்தேன்.
"எரிந்த வீட்டின் ருசி" என்றான்.
இரண்டாவது கோப்பையும் கேட்டான்.

ஓட்ஸ் மூட்டையில் எலி.
எலிக்கு ஓங்கிய துடைப்பத்தில் விளக்கு.
விளக்குப் போன இருட்டில்
கண்ணாடிச் சில்லைத் தேடிக் கண்டுபிடித்தது
என் குதிகால்.

பிறகு அந்த இரவு.
கழிப்பறைக் கதவு பனியில் இறுகிவிட்டது, நான் உள்ளே.
கத்தினேன். ஆந்தை பதில் சொன்னது.
அரைமணி கழித்து வெந்நீர்க் கெண்டியோடு வந்தவன்
பாதியைக் கீலில் ஊற்றிவிட்டு
நிறுத்தினான்.
"இர்யா, முடிச்சு உன்னுடையதுதான் என்று சொல்,
மீதியை ஊற்றுகிறேன்."
சொல்லவில்லை.
கெண்டி ஆறும்வரை
கதவுக்கு இரண்டு பக்கமும் காத்திருந்தோம்.
கடைசியில் தோளால்தான் இடித்துத் திறந்தான்.
தோள் நாலு நாள் வலித்தது. தேய்த்துவிட்டேன், பேசாமல்.

நவம்பரில் ஏரி இரவெல்லாம் முனகி
ஒரு காலையில் வாய் மூடிக்கொண்டது.
இன்னும் பத்து நாள் பொறுத்தோம்.
துளையிட்டு விரலால் அளந்தான்: போதும்.

நாற்பத்துநாலாம் நாள் நடந்தோம்.
முன்னால் அவன், பத்து மீட்டர் பின்னால் நான்,
இடுப்புக்கு இடுப்பு கயிறு.
முடிச்சை யார் போட்டது என்று கேட்காதீர்கள்.
இருவரும் தனித்தனியே
இரண்டிரண்டு தடவை சரிபார்த்தோம்.

படகின் மூக்கிலிருந்து தொங்கிய கயிற்றைப்
பனி விலக்கிப் பின்தொடர்ந்தால்,
முடிச்சு இருந்தது.
இறுக்கமாக, ஒரு நூல் பிசகாமல்.
அதன் பிடியில், அடி உளுத்து
பல்லைப்போல் பெயர்ந்துவந்த
துறையின் மரக்கட்டை.

ஆறு கட்டைகள் ஐந்தானதை
இத்தனை நாளில் ஒருவரும் எண்ணவில்லை.
ஒருவரையொருவர் முறைப்பதற்கே
வெளிச்சம் போதவில்லை அந்த மாதங்களில்.

கட்டைகளை நட்டது டோர்ஸ்டி.
இருவருக்கும் ஒரே நொடியில் நினைவு வந்தது.
எவ்வளவு காலம் கழித்து ஒரே பக்கம் நிற்கிறோம்!
திட்டத் திட்ட வாயிலிருந்து புகை புகையாய் வந்தது.

ஒரு காப்பிப் பாக்கெட்டை எலி பிரித்திருந்தது.
இந்தக் கரையில் எங்கோ
தூக்கம் வராத எலி ஒன்று உண்டு.
மிச்சம் மூன்றையும் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

படகு விலா வரைக்கும் உறைந்திருந்தது.
ஔலிஸ் திரும்பிப் பார்க்காமல்
கையை மட்டும் பின்னால் நீட்டினான்.
"கோடரி."

"நீ எடுத்துவரவில்லையா?" என்றேன்.