தவிட்டுக்கு வாங்கியது

டிகேட்டர் நகரத்துக் காற்றில்
ஆலையின் சோள வாசனை எந்நேரமும் உண்டு.
வறுத்த வாசனையா புளித்த வாசனையா என்று
ஆறு வருஷமாகியும் எனக்குத் தீர்மானமில்லை.

செவ்வாய்க்கிழமை ட்வேன் ஹோஸ்டெட்லர்
பிக்கப் வண்டியில் பதினோரு செடிகளை
வேரோடு கொண்டுவந்து இறக்கினார்.
மண் உதிர வாசல் தூணில் தட்டினார்.
மேல்பொத்தான் திறந்த சட்டைக்குள்
நெஞ்சைப் பிளந்து தைத்த கோடு.
"இதில் எங்கேதான் இருக்கிறது அந்தச் சாமான்?"
அதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றேன்.

சாமான் என்றால் ஸ்டெரால்.
கொலஸ்ட்ராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி.
வாலில் இரண்டு கார்பன் கூடுதல், அவ்வளவுதான்.
குடல் வாசலில் அண்ணன் இடத்தில்
வரிசையில் நின்றுகொள்வான்;
அண்ணன் வந்த வழியே திரும்பவேண்டியதுதான்.

வேரைக் கழுவினேன்.
தண்டு, தோகை, காய்ந்து பழுத்த பட்டிழை,
மணி உதிர்த்த கட்டை.
ஜூலையில் தட்டிச் சேர்த்த மகரந்தம்
உறைபெட்டியில் மஞ்சள் மாறாமல் இருந்தது.
மணியை ஊறவைத்து, உருப்பெருக்கியின் கீழ்
தோலை உரித்து, முளையைக் கெல்லி எடுத்து,
மிஞ்சிய வெண்மாவைத் தனியே வைத்தேன்.
தோலின் உட்புறம் ஒட்டிக்கொண்டு
ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம்.
அதற்குத் தமிழில் பேர் தெரியவில்லை.
தவிடு என்று சீட்டு ஒட்டினேன்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
இங்கே வாய் திறக்க முடியாது.
எதுவும் மூன்று முறை.
மூன்றும் ஒத்துப்போகாவிட்டால்
மேலும் மூன்று, ஞாயிறு உட்பட.

எல்லாவற்றுக்கும் முன்னால்
சோளத்தில் எங்குமே இல்லாத ஒன்றை
அளந்து விடவேண்டும், நூறு மைக்ரோகிராம்.
பிறகு காரத்தில் வேகவைத்து, சோப்பாக்கி,
ஹெக்சேன் ஊற்றிக் குலுக்கி
மேலே மிதப்பதை எடுக்கவேண்டும்.

மூன்றாவது தவிடு
பாலும் நீருமாய்க் கலங்கிப் பிரிய மறுத்தது.
அன்னப்பறவை இல்லாத ஊர்.
சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுழற்றினேன்.
அப்போதும் விளிம்பில் ஒரு நுரை.
கொஞ்சம் சிந்தியதோ, கொஞ்சம் ஒட்டியதோ,
என் கையை நானே நம்பவில்லை.

இரவு ஒன்பதுக்குத் திரையில் சிகரங்கள் எழுந்தன.
மகரந்தத்தில் ஒன்று, மற்ற இடங்களில்
தலைகாட்டத் தயங்குவது, நெடுநெடுவென்று.
தோகையில் ஏதோ சுமாராக.
முளையில் தாராளம்; எண்ணெய் அங்கேதானே.
மூன்றாவது தவிடு மட்டும்
தன் இரண்டு ஜோடிகளைவிடக் குட்டை.

அளந்து விட்டதைப் பார்த்தேன்.
நூறு போனதில் எண்பத்தொன்று வந்திருந்தது.
ஆக, பத்தொன்பது என் கையில் போயிருக்கிறது.
போனது எவ்வளவு என்று தெரிந்தால்
போகாதது போலவே கணக்கு எழுதலாம்.
வகுத்தேன்.
மூன்றும் தோளோடு தோள் நின்றன.

மீனம்பாக்கத்தில் பெட்டியை எடை போட்டார்கள்,
இருபத்து மூன்று கிலோ சரியாக.
எனக்குள் இப்படி ஒன்றை
அளந்து விட யாருக்கும் தோன்றவில்லை.
விட்டிருந்தால் இப்போது வகுத்துப் பார்க்கலாம்.
சரி, அது கிடக்கட்டும்.

எண்ணெயில் கிராமுக்குக் கிராம் பார்த்தால்
முளையைவிடத் தவிடுதான் கனம்.
வீட்டில் கடைசிப் பெண் நான்.
உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று
அக்காக்கள் அழவைத்ததுண்டு.
எத்தனை படி தவிடு என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.
தங்கவேலம்மாள் அக்காவுக்கு
ராத்திரியே செய்தி அனுப்பினேன், விலை ஏறிவிட்டது என்று.
ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

காலையில் ட்வேனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
"தவிடா? அதை நாங்கள்
மாட்டுக்கல்லவா போடுகிறோம்!"
உங்கள் மாடுகளில் எதற்காவது
மாரடைப்பு வந்ததுண்டா என்று கேட்டேன்.
போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் எதுவோ
நிதானமாய் மென்றுகொண்டிருந்தது.