மத்தி மீன் டப்பா

கிட்வேயில் நேற்று மதியம் போன கரண்ட்.
கசோண்டே கரியடுப்பில்
ஸ்க்ரூடிரைவரைப் பழுக்கவைத்து
ஈயத்தைத் தொடுகிறாள்.
புகையை விலக்க
மூன்றாவதாய் ஒரு கை இல்லை.

வரைபடம் அறுபதுகளின் பழசு. உறுப்புகள் பதினொன்று.
பத்து கிடைத்தது.
பதினொன்றாவதற்கு
இரண்டு ரெசிஸ்டரை முறுக்கி ஒன்றாக்கினாள்.
டிரான்சிஸ்டர் இரண்டும்
செத்த ரேடியோவில் பிடுங்கிய ஜெர்மேனியம்,
பேட்டரியைத் தலைகீழாய்க் கொடுத்தால்தான்
வாய் திறக்கும் ரகம்.

பகலெல்லாம் டன் டன்னாய்த் தாமிரம் எடைபோடுகிறவள்
ஒரு முழம் கம்பிக்கு
வீட்டு மின்விசிறியை உடைத்தாள்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது.
ஆம்ப் இருமிக்கொண்டு எழுந்தது.
டப்பாவைக் காலால் மிதித்தாள்.

கிடார் வரவில்லை.
தொண்டை கிழிந்த ஒருவன் பெம்பாவில்
லண்டன் சந்தையின் தாமிர விலையை
வாசித்துக்கொண்டிருந்தான்.

கம்பி ஏரியலாகியிருக்கிறது.
மூடியை அழுத்தினாள், ஆள் போய்விட்டான்.
தடித்த தந்தியை ஒரே இழுப்பு:

தகரக் கூரைமேல்
லாரி ஜல்லி கொட்டியது.

பக்கத்து வீட்டு ம்வாபே
சுவரைச் செருப்பால் அடித்தார்.
தாளம் தப்பவில்லை.

வெயில் ஏறினால் ஜெர்மேனியத்துக்கு நாக்குக் குழறும்.
ஆறரைக்கு ஷிப்ட்.
இன்னொரு முறை இழுத்தாள், இன்னொரு முறை,
ஜன்னல் கண்ணாடி கூட வாசித்தது.

பிறகு குனிந்து
மூடியை ஒரு நூல் திறந்துவைத்தாள்.
டன் என்ன விலை என்று
அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.