சக மாணவர் திருத்தத் தாள்

மூன்றாம் பீரியட். ஆங்கிலம். ஒன்பதாம் வகுப்பு.
ஹீட்டர் மேல் யாரோ கையுறையைக் காயவைத்திருக்கிறார்கள்,
அறை முழுக்க இரைமீன் வாடை.
மெய்ன் கடற்கரையில் டிசம்பர் இப்படித்தான் மணக்கும்.

போன வாரப் பாடத்தில் ஒரு கதை.
கணவன் திரும்பி வராத வீட்டில் ஒருத்தி
தினமும் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறாள்.
கடிகாரம் எதன் குறியீடு, என்று கேட்டார் மிஸ் திபடோ.
காலம், என்றாள் பிரின்.
நம்பிக்கை, என்றது முன்வரிசை.
"கொடுக்காவிட்டால் நின்றுவிடும், அதனால்தான்"
என்றான் கோல்பி.
சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை. பலகையில்
நம்பிக்கைக்குக் கீழே அதையும் எழுதினார்.

இன்று கட்டுரைகளை மாற்றிக்கொள்ளும் நாள்.
எழுதியவர்: கோல்பி ஆலி.
திருத்துபவர்: நான்.
பேனா பச்சை நிறத்தில் இருக்க வேண்டும்,
சிவப்பு மனதை நோகடிக்குமாம்.

மையக் கருத்து உள்ளதா? உண்டு.
சொல்லாமல் காட்டியிருக்கிறாரா?

காட்டியிருக்கிறான்.
அவன் அப்பா படகை விற்ற நாளை
விற்றார் என்ற சொல்லே இல்லாமல்.
ஈர மண்ணில் டிரெய்லர் சக்கரத்தின் இரண்டு தடம்,
நடுவில் ஒரு கோடை முழுக்க வெயில் காணாமல்
வெளுத்துப்போன நீளமான புல்,
அதன்மேல் போய்ப் படுத்துக்கொண்ட நாய்,
சமையலறை ஆணியில் சாவி இல்லை,
சாவி உரசிய இடத்தில் மட்டும் பலகை வழவழப்பு,
அன்றிரவு மக்ரோனி, யாரும் உப்பு கேட்கவில்லை,

எல்லாவற்றையும் காற்புள்ளியால் கட்டியிருக்கிறான்.
முற்றுப்புள்ளி வைத்தால்
யாரோ எழுந்து போய்விடுவார்கள் என்பதுபோல.

இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி தாங்காது.
விதி அது. மாற்றிக்கொண்டே வந்தேன்.
ஒன்று. நான்கு. ஏழு.

ஆறாவது கட்டம்:
எழுதியவர் எதை விட்டிருக்கிறார்?

வாங்கியவர் பெயரை.

வாங்கியது என் அப்பா.
எங்கள் கொட்டகைப் பக்கம்
முக்கால் உடம்புக்கு நீலத் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது.
வெளியே தெரிவது பின்புறம் மட்டும்,
அதில் என் பெயர்.
பிறந்தநாளுக்கு எழுதவைத்தார்.
படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்பார்கள் எங்கள் ஊரில்.
மாற்றினோம். வெள்ளைச் சாயம், இரண்டு பூச்சு.
இருந்தும் மூன்று மணி வெயில் சாய்ந்து விழும்போது
என் பெயருக்கு அடியில்
லோரெய்ன் என்று மேடு தட்டுகிறது.
அவன் அம்மா.
ஓர் எழுத்தின் கால்
என் எழுத்தொன்றின் வயிற்றில் ஊன்றியிருக்கிறது.

கூற்றுக்கு ஆதாரம் காட்டுக, என்கிறது தாள்.
ஆதாரம் முப்பத்திரண்டு அடி. டீசல் எஞ்சின்.
எதன் குறியீடும் அல்ல.

அவன் இரண்டு மேசை தள்ளி
என் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தான்.
பறவைகளின் வலசை பற்றி எழுதியிருந்தேன்.
பறவைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
தலை நிமிரவே இல்லை அவன்.
தெரியும் அவனுக்கு. நானூறு பேர் ஊரில்
ஒரு படகு எங்கே போய் ஒளியும்?

ஆறாவது கட்டத்தைக் காலியாகவே கொடுத்தேன்.
இரண்டு மதிப்பெண் போயிற்று.
"உன்னால் முடியும், யோசி"
என்று ஓரத்தில் எழுதியிருந்தார் மிஸ் திபடோ,
அவரும் பச்சையில்.

மதியம் சாப்பாட்டு வரிசையில்
எனக்குப் பின்னால் தட்டோடு நின்றான் கோல்பி.
பீட்சா நகர்ந்தது. பால் நகர்ந்தது.
"கடைசி வரியில்
ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டாய்" என்றான்.

விட்டேன், என்றேன்.