நாற்பத்து நாலின் காலணிக் கயிறு

செவ்வாய் இரவு, பதினொன்றே கால்.
வெளியே அயோவாவின் முதல் பனி
விழலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.
அறையில் ப்ரொஜெக்டர் மட்டும் உறுமுகிறது.

எட்டு ஆட்டங்களில் அவர்கள் விட்டுக்கொடுத்தது
மொத்தமே நாற்பத்தொரு புள்ளிகள்.
அதிலும் பதினான்கு, ஆட்டம் முடிந்துபோனபின்
மாற்று ஆட்கள் நின்றபோது.
எழுதி, அடிக்கோடிட்டு,
தாளைக் குப்புறப் போட்டேன்.

நம்மிடம் இருப்பதைச் சொல்கிறேன்.
கட்டைவிரல் சுளுக்கிய குவார்ட்டர்பேக், டீக் ரஸ்கின்.
எட்டாத பந்தைத் தாவிப் பிடித்துவிட்டு
மடியில் விழுவதைத் தவறவிடும் ப்ளூம்க்விஸ்ட்.
இடது டேக்கிள் ஃபலேயாஃபா:
நின்றால் மதில், நகர்ந்தால் கதவு.
மற்றபடி
வேதியியல் தேர்வை நினைத்துக் கலங்கும்
பத்தொன்பது வயதுகள்.

ரெனாட்டா பென்சிலைக் கடித்தபடி சொல்கிறாள்:
"நடுவில் ஓட வழியில்லை.
ஓரத்தில் ஓடினால் ஓரத்திலும் இருக்கிறார்கள்.
ஆழமாக எறிய மூன்று நொடி வேண்டும்,
அவர்கள் கொடுப்பது இரண்டு."
"அப்படியானால்?"
"அப்படியானால் பீட்சா சொல்லலாம்."

பீட்சா வந்தது. ஆறியது.
பலகையில் வட்டங்கள், பெருக்கல் குறிகள், அம்புகள்.
வேகமாக வருகிறவனை வரவிடு,
அவன் கிளம்பிய இடம் காலி.
அந்தக் காலிக்குள் மெல்ல ஒரு ஸ்கிரீன் பாஸ்.
நல்ல யோசனைதான்.
ஆறு அணிகளுக்கும் இதே நல்ல யோசனை வந்திருக்கிறது;
ஆறையும் அவன் மோப்பம் பிடித்திருக்கிறான்.
அவன், நாற்பத்து நாலு.
லைன்பேக்கர் கோர்ட்லண்ட் மேபரி.

திருப்பி ஓட்டினேன். மறுபடி திருப்பி.
பின்னோக்கி ஓடும்போது
விழுந்தவர்கள் எல்லாரும் எழுந்துகொள்கிறார்கள்,
மேபரி அவர்களை மன்னித்து அனுப்புவதுபோல.

ஒன்றரை மணிக்குக் கண்ணில் பட்டது.
ஆறாம் ஆட்டத்திலிருந்து
வலப்புறம் திரும்பும்போது மட்டும்
இடது காலை ஊன்றத் தயங்கி
ஓரடி கூடுதலாக வைக்கிறான்.
ஒரே ஓர் அடி.
ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே குனிந்து
அவிழாத கயிற்றை மறுபடி கட்டுகிறான்.
கட்டும் சாக்கில்
முழங்காலைத் தாங்கிப் பிடிக்கிறான்.

அவன் பயிற்சியாளருக்குத் தெரியாது.
தெரிந்தால் உட்காரவைத்திருப்பார்.
அவன் அம்மாவுக்கும் சொல்லியிருக்கமாட்டான்.
இந்த ஊரில், இந்த இருட்டில்
அந்த ரகசியம் அறிந்தவர்கள் இரண்டு பேர்;
இருவரும் அவன் எதிரிகள்.

ரெனாட்டா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"காலைத் தாக்கச் சொல்லவில்லையே,
அந்தப் பக்கம் ஓடத்தானே சொல்கிறோம்," என்றேன்.
அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

நம் இடப்பக்கம், கதவுக்குப் பின்னால் ஓடும் ஓட்டம்.
அதற்குப் பெயர் வேண்டுமே என்றாள்.
காலணிக் கயிறு என்று எழுதினேன்.
கையெழுத்து எனக்கே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை. பத்துக்குப் பதின்மூன்று.
நான்கு நிமிடம் மிச்சம்.
அதுவரை அந்த அட்டையைத் தொடவில்லை.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
தொட்டபின் மூன்று தடவை சொன்னேன்:
பதினொரு யார்டு, ஒன்பது, பதினாறு.
மூன்று தடவையும் அந்த ஓரடி.
மூன்று தடவையும் அவன் கை
நம் ஆளின் முதுகுச் சட்டையைத் தடவிக்கொண்டு போனது.

கோட்டுக்கு மூன்று யார்டு. இரண்டாம் டவுன்.
நான்காம் முறையாகச் சொன்னேன்.
ஃபலேயாஃபா திறந்தான்.
மேபரி திரும்பினான்,
கூடுதல் அடி வைக்கவில்லை.
முழுப் பாரத்தையும் அந்தக் காலில் இறக்கி
ஒரு யார்டு மிச்சம் இருக்கையில்
பந்தோடு சேர்த்து அவனைச் சாய்த்தான்.

அரங்கம் அடங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
அவன் எழக் கொஞ்சம் அதிக நேரம்.
எழுந்து, குனிந்து, கயிற்றைக் கட்டினான்.
இந்தமுறை
நிஜமாகவே அவிழ்ந்திருந்தது.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
காதுக்கருவியில் ரெனாட்டா:
"அடுத்தது என்ன?"