ஆள் நாலு

கச்சான் காற்று யன்னலை அடித்துக்கொண்டேயிருந்த பகல்.
கல்லடியில் வாடகை அறை. மேசையில்
கல்வெட்டுப் படிகள், மடிக்கணினி,
பாதி குடித்த பிளேன்டீ.

பஸ்மிலா அட்டவணைகள் கட்டித் தந்திருந்தாள்:
ஆட்களுக்கு ஒன்று, பொருட்களுக்கு ஒன்று,
கொடுக்கல் வாங்கலுக்கு இன்னொன்று.
ஒவ்வொரு நிரைக்கும் ஓர் எண்.
எண்ணைப் பிடித்துக்கொண்டு
ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்கு நடக்கலாம்.

காலையில் அப்படித்தான் நடந்தேன்.
கோயில் விளக்குக்கு எருமை கொடுத்த கண்டப்போடி
ஒன்பது வருஷம் கழித்து
குளக்கட்டுக் கல்லில் நெல் கடன்காரன்.
இருவரும் ஒருவரா?
ஒரே எண்ணைக் கொடுத்தேன். கை கூசியது.
அறுநூறு வருஷம் கழித்து ஒருவனைக் கடனாளியாக்க
ஒரு பொத்தான் போதும்.

"சந்தேகத்துக்கு ஒரு நிரல் வெச்சிரிக்கன் கா,
அதுல எழுது" என்றாள் போனில்.

பிறகு பதினேழாம் கல்.
பொரிந்த எழுத்து, யாரோ சுண்ணாம்பு பூசிய விளிம்பு:
எருமை பத்துக்குப் பணம் பன்னிரண்டு
நெல் அவணம் ஆறுக்குப் பணம் ஏழு
ஆள் நாலுக்குப் பணம் பன்னிரண்டு
ஆகப் பணம் முப்பத்தொன்று.

நாலு பேரையும் ஆட்கள் அட்டவணைக்குக் கூட்டிப் போனேன்.
பெயர்க் கட்டம் வெறுமையாய் இருக்கக்கூடாது என்றது,
சிவப்பு எழுத்தில், மரியாதையாக.
எருமைகளோடு பொருட்களில் போட்டேன்.
ஒரு முணுமுணுப்பும் இல்லை.
எண்ணிக்கை நாலு. அலகு ஆள்.
கணக்கு நேர்.

அழித்தேன்.

பின்னேரம் ஏறாவூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள்.
படியை ஒருதரம் வாசித்தாள். பேசவில்லை.
பெயருக்கான விதியைத் தளர்த்தினாள்.
412, 413, 414, 415.
நாலு எண்கள், நாலு வெறுங் கட்டங்கள்.

"இப்ப கூட்டிப் பாரு."
பத்தொன்பது. பன்னிரண்டு பணம் உதைத்தது.
ஆட்கள் அட்டவணையில் விலைக்கு நிரல் இல்லை.
"சேர்ப்பமா?" என்றேன்.
சேர்க்காவிட்டால் விற்கவேயில்லை என்றாகிவிடும்.
சேர்த்தால்
பஸ்மிலாவுக்கும் எனக்கும் கண்டப்போடிக்கும்கூட
ஒரு விலைக் கட்டம் திறந்துவிடும்.

அபாயாக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாள்.
"விலை ஆளிட குணமில்ல கா.
வித்தவன்ட செய்கை.
அவன்ட நிரையில போடு."

போட்டேன். முப்பத்தொன்று.

கடைசி பஸ்ஸுக்கு அவள் போனபின்
412ஐப் பிடித்துக்கொண்டு
மற்றக் கற்களில் எல்லாம் தேடினேன்.
413. 414. 415.
கிடைத்த நிரைகள்: பூச்சியம்.

காற்று இன்னும் படிகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.
பதினெட்டாம் கல்லின் மேல்
பிளேன்டீக் கோப்பையைத் தூக்கி வைத்தேன்.