இறக்கம்

கோப்பாய்ச் சந்தியில மாடு குறுக்கால பாய்ஞ்ச அண்டைக்கு
பஸ் கம்பி கொண்டுபோனது முன்பல்லு ரெண்டு.
அந்த ஓட்டையால விசிலடிச்சுப் பழகினன்.
விரல் வேண்டாம்;
ஒரு கையில காசு, மற்றதில கம்பி,
யேசுரட்ணம் பிரேக்கில காலை வைப்பான்.

சீட்டுக்காசு முழுக்க எடுத்துக்கொண்டு கஸ்தூரியார் வீதிக்குப் போனன்.
தாடையைத் துளைச்சு ஆணி இறுக்கின டொக்டர்
"எலும்பு பிடிக்கட்டும், பொறுங்கோ" எண்டா,
மிளகாய்க்கண்டு நட்டவ மாதிரி.

நாலு மாசம். பிடிச்சிட்டுது.
இண்டைக்கு, மேல பல்லும் பூட்டி,
சைட் கண்ணாடியில சிரிச்சுப் பாத்தன்,
கச்சான் கடிச்சன்.

நெல்லியடியில ஒரு மனுசி எழும்பினா.
ஊதினன்.
வெறுங்காத்து.

பஸ் சந்தியைத் தாண்டுது.
"இறக்கம்! இறக்கம்!"
யேசுரட்ணம் திரும்பிப் பாக்கிறான்,
ஆரோ புதுக் கொண்டக்டர் ஏறினமாதிரி.