பதினான்காம் பக்கத்து ஓட்டை

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகிக் கிடக்கிறது. தாதுக் கப்பல்கள் துறையில் தூங்குகின்றன.
என் தொழிலுக்கு இதுதான் நல்ல மாதம்:
காற்றில் ஈரமில்லை, காகிதம் சொன்ன பேச்சு கேட்கும்.

கையுறை போடமாட்டேன்.
கழுவித் துடைத்த விரலுக்குத் தெரிவது
பருத்தித் துணிக்குத் தெரியாது:
முதுகோரம் மயிரிழையாய் ஓடும் மடிப்பு,
துருப்பிடித்த பின் நடுத்தாளில் இறக்கிய காவி,
யாரோ கறுப்பு மார்க்கரால் ஓரத்தைப் பூசி
உதிர்ந்த வெள்ளையை மறைத்த கள்ளத்தனம்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் போதும்,
அதுவே ஒப்புக்கொள்ளும்.

பத்துக்குப் பத்து வாங்கிய புத்தகம்
இதுவரை இரண்டுதான் பார்த்திருக்கிறேன்.
இரண்டையும் எந்தப் பிள்ளையும் படித்ததில்லை.
மதிப்பெண்ணே அதற்குத்தான்.

ஆர்வோ லெஹ்டினன் வாழைப்பழப் பெட்டியோடு வந்தார்.
வயது எழுபத்தாறு. பூட்ஸிலிருந்து பனி ஒழுகியது.
புத்தகம் ஒவ்வொன்றும் ரொட்டி உறைக்குள்.
எங்கே வைத்திருந்தீர்கள்?
'சானாவுக்கு மேலே, பரணில்.'
நீராவிக்கு மேலேயா!
நான் வாயைத் திறக்கவில்லை.
தாள்கள் அப்பளமாய் நொறுங்கின.
மூன்று டாலர், இரண்டு டாலர், சும்மா,
சும்மா, இரண்டு டாலர்.

அடியில் ஒரு தகர டப்பா.
அதற்குள் ஒன்று.
விலை பத்து சென்ட், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு.
அட்டையில் நீர்மூழ்கிக் கப்பல், அச்சடித்த அன்றைய நீலம்.
முனை நான்கும் கூர்.
எட்டரை, என்றது மனம்.
நாலாயிரம், என்றது மனத்தின் வயிறு.

அட்டையை நம்பாதே, தாளை எண்ணு.
எண்ணினேன்.
பதின்மூன்றாம் பக்கத்தின் கீழ்மூலையில்
என் விரல் மறுபக்கம் போய்விட்டது.
விளம்பரக் கூப்பன். கத்தரிக்கோல், சின்னக் கை,
கோடு கொஞ்சம் கோணல்.

'அரை,' என்றேன்.
எட்டரையா?
'இல்லை. வெறும் அரை. பத்துக்கு.'

கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.
கோபப்படுவார்கள்; ஒருவர் மேசையைக்கூடக் குத்தியிருக்கிறார்.
இவர் தாளைத் திருப்பினார்.
பதினான்காம் பக்கம். கடைசிக் கட்டம் இருந்த இடத்தில் ஓட்டை.
அதன் வழியே என் மேசை தெரிந்தது.

'அண்ணன் வெட்டியது. நான் இந்தப் பக்கத்துக்கு வருமுன்னே.
கேப்டன் கதவைத் திறக்கிறான், அங்கே அவனுடைய அப்பா,
செத்துப்போனதாய்ச் சொன்ன அப்பா.
அவர் ஏதோ சொல்கிறார்.
என்னவென்று எனக்குத் தெரியாது.
அறுபத்தெட்டு வருடமாய்.'

எனக்குத் தெரியும்.
முழுப் பிரதி மூன்று என் கையால் பெட்டிக்குள் மூடியிருக்கிறேன்.
இனி யாரும் திறந்து படிக்க முடியாதபடி.
சொல்லட்டுமா என்றேன்.
தொப்பியைக் கழற்றினார், தேவாலயத்தில் நிற்பதுபோல்.

'கதவைச் சாத்துடா, குளிர் உள்ளே வருது.'

அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.

சிரிக்கத் தொடங்கினார். இருமினார். மறுபடி சிரித்தார்.
பிறகு போனை எடுத்து அரிசோனாவுக்கு அடித்தார்.
'ரெய்னோ! கதவைச் சாத்தச் சொல்கிறார்! அப்பாக்காரர்!
எந்தக் கதவா? நீ வெட்டினாயே, அந்த...
ஆமாம், அந்தக் கூப்பன். என்ன வாங்க வெட்டினாய்?'
நீண்ட மௌனம்.
போனுக்குள்ளிருந்து ஒரு கிழவனின் எரிச்சல்
எனக்கே கேட்டது:
பெரிஸ்கோப். ஐம்பது சென்ட் அனுப்பினேன். வரவேயில்லை.

மைலார் உறை, அமிலமில்லாத அட்டை,
இரண்டும் சேர்த்து ஒன்றரை டாலர்.
புத்தகத்துக்கு நான் ஒன்பது தருவதாகச் சொன்னேன்.
விற்கவில்லை.
பெட்டிக்குள் மூட வேண்டாம் என்றார்,
அரைக்கு யார் மூடுவார்கள் என்றேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
நீர்மூழ்கி, எண் ஆறு. கூப்பன் இல்லை,
கதை பாதிக்கப்பட்டுள்ளது.
எப்போதும் எழுதும் வரிதான்.
பேனாவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது அவர்
கதவைச் சாத்தவில்லை.